நான் டொக்டர் இல்லை

“டொக்டர், எனக்கு இண்டைக்குத் துண்டு வெட்டுவியளோ? வீட்டை போகலாமோ?”

கட்டிலில் கிடந்தபடி யாகப்பர் கேட்டார். திருக்கை முள் குத்திச் சீழ் பிடித்த காலோடு தலைமன்னாரிலிருந்து வந்து சேர்ந்த கிழவர்.

“ஓம் அப்பு, பின்னேரம் போகலாம். காலில தண்ணி படாமப் பாருங்கோ” என்றான் டிலோஜன், புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டே.

அவ்வளவுதான். ‘நான் டொக்டர் இல்லை அப்பு, நேர்ஸ்’ என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

மேசையடியில் இருந்த பிரான்சிஸ்கா சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாட்டுக்குப் பொறுப்பான தலைமை நேர்ஸ் அவர்தான். இரவு வேலைக்கு வரவேண்டியவள் வராததால், மகளை வீட்டில் தனியே விட்டுவிட்டு நேற்றிலிருந்து போகாமல் நிற்கிறார். வீங்கிய கால்கள் சப்பாத்துக்குள் இறுகிக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து உண்மையான டொக்டர் வந்தார். இளம் பெண்.

“மிஸ்ஸி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. டொக்டர் கட்டி முடிக்கட்டும்” என்றார் யாகப்பர்.

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம்பிளை வெள்ளை உடுத்தால் டொக்டர், பொம்பிளை உடுத்தால் மிஸ்ஸி, அதாவது நேர்ஸ். இந்தச் சனத்துக்குச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

டொக்டர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போக ஐந்து நிமிசம். மிச்ச நேரமெல்லாம் நோயாளியோடு கிடந்து மாரடிப்பது யார்? ஆனால் சுகமாகிப் போகிறவன் கும்பிடுவது டொக்டரைத்தான். ஆஸ்பத்திரி நிர்வாகக் கந்தோர்க்காரரோடு சண்டை பிடித்து, வாட் வாசலில் ‘தாதிய உத்தியோகத்தர்’ என்று பலகை எழுத வைத்தவர் பிரான்சிஸ்கா. தாதியர் சங்கக் கூட்டங்களில் அவர் எழுந்தால் மைக் இல்லாமலே கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவரின் வாட்டிலேயே ஒரு நேர்ஸ், டொக்டர் பட்டத்தைச் சும்மா வாங்கிப் பொக்கற்றுக்குள் போடுகிறான்!

“டிலோஜன், இஞ்ச கொஞ்சம் வாரும்.”

மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்த மனுசன் உம்மை என்னெண்டு கூப்பிட்டவர்?”

“டொக்டர் எண்டு, சிஸ்டர்.”

“நீர் டொக்டரோ?”

“இல்லை சிஸ்டர்.”

“பிறகேன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீர்? இது இண்டைக்கு மட்டும் எண்டாப் பரவாயில்லை. நாலைஞ்சு நாளாப் பாத்துக்கொண்டு வாறன். முந்தி நீர் ஒவ்வொருத்தருக்கும் திருத்திச் சொல்லுற ஆளெல்லோ?”

டிலோஜன் தலையைக் குனிந்தான். அவனும் களைத்துப்போய்த்தான் இருந்தான். சட்டைக் கையில் அயடின் கறை.

“பிழைதான் சிஸ்டர்.”

“பிழை எண்டு லேசாச் சொல்லிப்போட்டீர். உம்மட வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. டொக்டர் வேசம் போடுறார் எண்டு எங்களுக்கு மேல இருக்கிற மேற்றனிட்ட நான் ஒரு சொல் சொன்னாப் போதும், தெரியுமோ?”

அவன் முகம் வெளிறியது.

“சொல்லிப்போடாதேங்கோ சிஸ்டர். வீட்டில என்ர சம்பளம் ஒண்டுதான். அப்பா கடலுக்குப் போறேல்லை இப்ப.”

அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. நல்ல பெடியன். கை சுத்தம், வாய் சுத்தம். ஊசி போட்டால் குழந்தைகள்கூட அழாது. இவனைப் போல இன்னும் ரெண்டு பேர் இருந்தால் அவர் நேற்றே வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் பாவம் பார்த்தால் இந்த வெள்ளை உடுப்புக்கு மரியாதை எங்கிருந்து வரும்?

“தம்பி, இந்த உடுப்புக்காக நாங்கள் பட்ட பாடு உமக்குத் தெரியாது. சண்டை நேரம் ஷெல் விழ விழ, டொக்டர்மார் இல்லாத இடத்தில நேர்ஸ்மார்தான் நிண்டு சனத்தைப் பாத்தவை. அப்பிடிப்பட்ட தொழில். நேர்ஸ் எண்டு சொல்ல உமக்கு என்ன வெக்கம்?”

“எனக்கு ஒரு நாளும் வெக்கம் இருந்ததில்லை சிஸ்டர். ஒரு கிழமையாத்தான்... அந்த அப்பு டொக்டர் எண்டு கூப்பிடேக்க, கொஞ்ச நேரத்துக்கு அப்பிடியே இருக்கட்டும் எண்டு பட்டுது.”

“ஒரு கிழமையாவோ? அப்ப ஆரோ உம்மட மனசைக் கெடுத்திருக்கினம். நேர்ஸ் எண்டா குறைவு எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

அவன் பஞ்சுப் பொதியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தான்.

“சொல்லும். ஆரெண்டாலும் பரவாயில்லை. நான் போய் நாக்கைப் புடுங்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கிறன்.”

“வேண்டாம் சிஸ்டர், விடுங்கோ.”

“சொல்லும் எண்டுறன்!”

டிலோஜன் கதவைப் பார்த்தான். பிறகு, மிகவும் மரியாதையாக, மெல்லிய குரலில் கேட்டான்.

“போன ஞாயிறு பூசை முடிய, பேசாலையில இருந்து ஒரு அம்மா உங்கட மகளைக் கலியாணம் பேசி வந்தவ எல்லோ?”

“ஓம், வந்தவ. அதுக்கும் இதுக்கும் என்ன?”

“அவ என்ர சின்னம்மா, சிஸ்டர். பெடியன் நேர்ஸ் எண்ட உடன, பேரைக்கூடக் கேக்காம, ‘டொக்டர் மாப்பிள்ளை எண்டா மட்டும் வாங்கோ’ எண்டு நீங்கள்தான் அனுப்பி விட்டனீங்களாம்.”