பேரலல் போன்

"இன்னா மேடம், மறுபடியும் கட் ஆயிடுச்சா?" ஆபீசிலிருந்து கஜபதி போனில் கேட்டான். ஆபீஸ் கணக்கை வெள்ளானூர் வீட்டிலிருந்தே பார்க்க, லோகநாயகியின் கம்ப்யூட்டருக்கு மோடம் வைத்து டெலிபோன் லைனில் இணைத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"எத்தினி தபா போட்டாலும் அப்டிதான். நல்லா வருது, பட்டுனு போயிடுது" என்றாள் லோகநாயகி.

"பேசாம ஆபீசுக்கே வந்துடுங்களேன்."

"மாமியார் வாதம் வந்து படுத்த படுக்கையா கீறாங்களே. ஒரு வருஷமா கையும் வரல, பேச்சும் வரல." லோகநாயகி குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கெழம அவங்கள பூந்தமல்லில ஒரு முதியோர் இல்லத்துல உட்டுடப் போறோம். அவங்ககிட்ட திருவேற்காடு கோயிலுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். அப்புறம் ஆபீசுக்கு வந்துடறேன்."

கஜபதி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஊட்ல இன்னொரு போன் கீதா மேடம்?"

"உள் ரூம்ல இதே லைன்ல பேரலல் போன் ஒண்ணு கீது. ஏன்?"

"நீங்க கம்ப்யூட்டர்ல இருக்கறப்போ அதை யாரோ எடுக்கறாங்க. எடுத்தா லைன் போயிடும்."

"யாரு எடுப்பா? பகல்ல ஊட்ல நானும் மாமியாரும்தான். அந்த போன் அவங்க தலமாட்டுலதான் கீது."

"மேடம்..." கஜபதியின் குரல் இறங்கியது. "இப்பவும் எடுத்து வெச்சிகினுதான் கீறாங்க. மூச்சு வுடறது எனக்குக் கேக்குது."

ஒரு வருடமாகக் கேட்காத அந்தக் குரல் ரிசீவருக்குள்ளிருந்து மெதுவாக வந்தது.

"அப்போ நாம கோயிலுக்குப் போவலியா, லோகா?"