ராயனுக்குக் கொடுத்தது

பல வாரமாக வாய் திறக்காதிருந்த மனைவி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அவர் சொல்லிப் பார்க்கும்போது எதிரே வந்து உட்கார்ந்ததில், போதகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"காசுல ரோம ராயன் முகம் இருக்கு. அதனால காசு ராயனுக்கு. வரியைக் கட்டிடுங்க, கடவுளோடதைக் கடவுளுக்குக் கொடுங்கன்னு இயேசு சொல்றார்."

"கடவுளுக்கு?" என்று கேட்டாள்.

அவள் குரலைக் கேட்ட மகிழ்ச்சியில் யோசிக்காமல் பதில் சொன்னார். "அதுவும் முகத்தைப் பார்த்துத்தான். மனுஷன் கடவுளோட சாயல். அவனை எந்த ராயன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது."

"வரி கட்ட மாட்டோம்னு ஊர்வலம் போனான்னு, நம்ம பையனை நீங்கதானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஸ்டேஷன்ல விட்டீங்க" என்றாள் அவள். "மூணாம் நாள் பொணமாத் திருப்பிக் கொடுத்தாங்களே, அந்த முகத்துல யார் சாயல்ங்க மிச்சமிருந்துச்சு?"