பாக்கெட்டில் ஒரு வரி

"இந்த எண்ணெயிலயா முறுக்கு பொரிக்கறே?"

பத்மஜா டின்னைத் தட்டிக் கேட்டாள்.

"ஆமா மாமி. பருத்திக்கொட்டை எண்ணெய்தான்," என்றாள் முத்துமாரி.

"மரபணு மாத்தின பருத்தி. தெரியுமோ உனக்கு?"

"டின்னுல அப்படி எழுதலியே."

"அதான் தப்புங்கறேன்."

பத்மஜாவுக்கு மாட்டுங்காவில் பலகாரக் கடை. மரபணு மாற்றிய உணவுக்கு லேபிள் கேட்டுப் போராடும் குழுவுக்கும் அவள்தான் தலைவி. போன வாரம் தாதர் ஸ்டேஷன் வாசலில் மைக் பிடித்தாள். டில்லியில் சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் நம் பேரன் காலம் வந்துவிடும், அவரவர் கடையிலிருந்து தொடங்குவோம் என்றாள். நியாயமான பேச்சு. கூட்டம் கைதட்டியது. கைதட்டச் செலவில்லை.

இன்று தன் கடைக்கு முறுக்கு செய்து தரும் முத்துமாரியைத் தேடித் தாராவிக் குடிசைப் பகுதிக்கே வந்துவிட்டாள். இனி முறுக்கு பாக்கெட்டில் இது எந்த எண்ணெய் என்று அச்சடிக்க வேண்டும், மறுத்தால் தீபாவளிக்கான ஐந்நூறு கிலோவும் வேறு இடத்துக்குப் போகும் என்றாள்.

முறுக்கு பிழிந்துகொண்டிருந்த எட்டுப் பெண்களும் நிமிர்ந்து முத்துமாரியைப் பார்த்தார்கள். தீபாவளி ஆர்டர் போனால் அவர்களுக்குக் கார்த்திகை வரை வேலை இல்லை.

"இதுல கோபிச்சுக்க ஒண்ணுமில்லே, முத்துமாரி. காசு குடுத்து வாங்கறவாளுக்கு எல்லாம் தெரிஞ்சாகணும். மறைச்சு விக்கறது பாவம்."

முத்துமாரி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கோவம் என்ன மாமி? நீங்க சொல்லுதது சரிதான். போட்டுருவோம்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று பத்மஜா எதிர்பார்க்கவில்லை. நாலு பேர் உன்னைப் போல இருந்தால் நாடு திருந்திவிடும் என்று பாராட்டினாள்.

முத்துமாரி அலமாரியிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து வந்தாள். மாட்டுங்கா கடையிலிருந்து மாதாமாதம் வருகிற சுருள். பாக்கெட்டில் ஒட்டுவது இந்தப் பெண்கள்தான். அதில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. முத்துமாரிக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் மகள் தமன்னா அதைப் படித்துச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது: 'மாட்டுங்கா வீட்டில், எங்கள் கையால் செய்தது.'

"புதுசா அடிக்கத்தான போறோம் மாமி. மேல எண்ணெய் பேரு இருக்கட்டும். கீழ 'தாராவியில செஞ்சது'ன்னு ஒரு வரி சேத்துருங்க. ஒண்ணையும் மறைக்காண்டாம்."



பத்மஜா அந்தச் சுருளை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவளே அதை அலமாரியில் திருப்பி வைத்தாள்.

"ஐந்நூறு கிலோவும் நீயே பண்ணிடு. பழைய ஸ்டிக்கரே ஒட்டிக்கோ," என்று குரலைத் தாழ்த்தினாள். "வாங்கறவாளுக்கு எல்லாமா தெரியணும்?"