சம்மதத்திற்காக ஒரு சினிமா

மருந்துக்கடைக்காரர் தாம் விரும்பியவரை மணப்பதற்கு, வீட்டிலிருந்த ஆசிரியையின் சம்மதம் மட்டுமே பாக்கியிருந்தது. வாய்விட்டுக் கேட்டுத் தோற்றவர், காதல் வெல்லும் படங்களாகத் தேர்ந்தெடுத்து வாரந்தோறும் அவருக்குப் போட்டுக் காட்டலானார்.

“போன வாரம் தேம்பித் தேம்பி அழுதியேம்மா. அப்பவும் மனசு இரங்கலையா?”

“அழுதது படத்துக்கு. ஊர் சிரிக்கப்போறது நம்மளப் பாத்து,” என்றார் ஆசிரியை எரிச்சலுடன். “இன்னைக்கு எதப் போட்டு என் உசுர வாங்கப்போற?”

அன்றைய படத்தை நண்பரின் பேச்சை நம்பி, முன்கூட்டிப் பார்க்காமலேயே போட்டுவிட்டார். அதிலோ காதலர்கள் குடும்பத்துக்குப் பணிந்து பிரிந்துவிட்டனர். இறுதிக் காட்சியில் நாயகன், தான் உண்ட ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைத்தான்.

மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “இதப் போய் நல்ல படம்னு சொன்னானே, பாவி. காரியமே கெட்டுது.”

ஆசிரியை அழவில்லை. வெறும் திரையையே நெடுநேரம் பார்த்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை அவங்கள வீட்டுக்கு வரச் சொல்லு. இன்னொரு படம் என்னால முடியாது,” என்றார் கடைசியில். “ஆனா, அவங்கள அம்மான்னு கூப்பிடுன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாத, அப்பா.”