விஜயலட்சுமி டீச்சரின் இட்லி வண்டி

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, காலை வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் இட்லிக் கொப்பரை திறக்கிறது. ஆவிக்குப் பின்னால் விஜயலட்சுமி நிற்கிறாள். இருபத்தாறு வருடம் டீச்சராக இருந்தவள், வயது வரும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு, போன மாதம்தான் இந்த வண்டியைப் போட்டிருக்கிறாள். சுற்றிலும் தட்டுகள் நீளுகின்றன. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. நம் குடும்பத்துப் பெண் தெருவில் நின்று விற்பதா என்று அன்றிலிருந்து அவளோடு பேசாத கணவர் நெல்லையப்பன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு விறைப்பாகக் கடந்துபோகப் பார்க்கிறார். கூட வரும் பழைய ஆபீஸ் சிநேகிதர் சுடலைக்கண்ணன் விடுவதாக இல்லை. விஜயலட்சுமியை அவர் பார்த்ததே கிடையாது.

“நில்லும்வே, வாசம் ஆளை இழுக்கு. ரெண்டு இட்லி தின்னுட்டுப் போவோம்.” தட்டு வாங்கி நெல்லையப்பன் கையிலும் ஒன்றைத் திணித்தபடியே சுடலைக்கண்ணன் கேட்கிறார்: “உம்ம வீட்டம்மா இன்னும் ஸ்கூலுக்குத்தான் போறாங்களா?”

“ஆமா, போறா” என்கிறார் நெல்லையப்பன்.

விஜயலட்சுமி நிமிர்ந்து பார்க்கிறாள். கணவரின் தட்டில் இட்லியை வைத்துவிட்டு, சட்னி ஊற்றவா என்று யாரோ ஒருவரிடம் கேட்பதுபோல் இந்தியில் கேட்கிறாள்: “சாப், சட்னி டாலூ க்யா?” தேங்காய் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. முப்பது வருடமாக அவருக்கென்று தேங்காய் சேர்க்காமல் தனியாக அரைத்து வைப்பவள் அவள்; பேச்சு நின்ற பிறகும் அந்தக் கிண்ணம் தினமும் வீட்டு மேசைமேல் மூடியிருக்கிறது. ஊற்று என்பதுபோல் அவர் தலையாட்டுகிறார். வெள்ளைத் தேங்காய்ச் சட்னி இட்லியை மூடிக்கொண்டு வழிகிறது. போதும் என்று தமிழில் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள், அவள் அடுத்த தட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்.