விளிம்பிலிருந்து விளிம்பு வரை

ஜெபமலரின் வீட்டைச் சுற்றி நீதிமன்றம் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தது. அவளை அடித்துத் துன்புறுத்திய முன்னாள் கணவன் டென்னிசுக்கும், அவன் காலில் மாட்டிய கருவியைப் பின்தொடர்ந்து, அவன் நடமாடும் இடங்களை வளைத்து கண்காணிப்பு ப்ரோக்ராம் போடும் ஒரு கோடு உண்டு. இரண்டும் நெருங்கினால் அவள் போன் அலறும்.

இன்று மதியம் பால்கனியிலிருந்து பார்த்தபோது, குடியிருப்பின் புது வாட்ச்மேனாக டென்னிஸ் நின்றுகொண்டிருந்தான். போன் திரை 'ஆபத்தில்லை' என்று பச்சையாகவே இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு உதவி எண்ணை அழைத்து, போன் ஏன் அலறவில்லை என்று கேட்டாள்.

எடுத்த இளைஞன் உற்சாகமாக விளக்கினான்: "பயப்படாதீங்கக்கா. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னுதான் ப்ரோக்ராம் அளக்கும். அவர் கோடு உங்க கோட்டுல இருந்து முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கு."

"எந்தப் பக்கம் தள்ளி?"

அவன் வரைபடத்தைத் திறந்தான். "எல்லாப் பக்கமும்க்கா. அவர் கோடு உங்க காம்பவுண்டு மொத்தத்தையும் சுத்தி..." குரல் இறங்கியது. "அக்கா, உங்க வட்டமே அவர் எல்லைக்கு உள்ளதான் இருக்கு. இதை ப்ரோக்ராம் பாக்கவே இல்ல. கதவைப் பூட்டுங்க, நான் போலீசுக்குச் சொல்றேன்."

"பூட்டிட்டேன் தம்பி," என்றாள் ஜெபமலர். "ஆனா எல்லா வீட்டுக்கும் மாத்துச் சாவி வாட்ச்மேன் ரூம்லதான் தொங்குது."