ஒரு வரி

மண்சரிவில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருந்த லயம் புதைந்த ஏழாம் நாள். சூரியநெல்லி சர்ச் முகாமில் சூப்பர்வைசர் ஏசுதாஸ் தன் போனை ரிஜினிடம் நீட்டினார்.

“அன்னிக்குக் காலையிலேயே மெயில் அனுப்பினோம்னு ஆபீஸ்ல சாதிக்கிறாங்க. சத்தியமா எனக்கு வரல தம்பி. வந்திருந்தா சங்கு ஊதி எல்லாரையும் கெளப்பியிருப்பேன். நீ கம்ப்யூட்டர் படிச்சவன், பாத்துச் சொல்லு.”

ரிஜின் ஸ்பாமைத் திறந்தான். ‘உடனே லயத்தைக் காலி செய்யவும்.’ படிக்கப்படாமல் கிடந்தது.

“ஆபீஸ் மெயில் இதுக்குள்ள எப்படி தம்பி?”

“போன மாசம் எஸ்டேட் வெப்சைட்டை வேற கம்பெனிக்கு மாத்தினாங்க. ‘இது எங்க மெயில்தான்’னு காட்டுற டிஎன்எஸ் வரிய, மாத்தினவன் அங்க ஏத்த மறந்துட்டான். அதான் போலின்னு தள்ளிருச்சு.”

“அவனைப் பெத்தவளும் உங்கம்மா மாதிரி மண்ணுக்குள்ள கெடக்கணும்!”

ரிஜின் நிமிரவில்லை.

“ஏற்கெனவே கெடக்காங்கண்ணே.”